வெட்டிய குடலும் துளிர்க்கும் – உணவுதான் அதற்கு உரம்

(உடல்நலப் பாடம் – குழுக் கூட்டத்தில் வாசித்துப் பேசுவதற்கு)



நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் கூட்டத்தில் கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு கடன் விண்ணப்பம் வந்தது. கேட்டவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் நம் உறுப்பினர். தொகை 15,000 ரூபாய். காரணம் என்று நோட்டில் எழுதியிருந்தது: "குடல் வளரும் பவுடர் வாங்க."

அவருக்குக் குடலிறக்கம் இருந்தது. கட்டி மாதிரி துருத்திக்கொண்டு இருந்ததை "வலி இல்லையே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இரண்டு வருஷம் தள்ளிப் போட்டார். ஒரு நாள் ராத்திரி குடல் அதிலேயே மாட்டி, ரத்த ஓட்டம் நின்று கறுத்துப் போனது. அவசரமாக ஆபரேஷன் செய்து கெட்டுப்போன பாகத்தை வெட்டி எடுத்தார்கள். வயிற்றில் ஒரு வாய் வைத்துப் பை மாட்டி அனுப்பினார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆள் உருகத் தொடங்கினார்.

"குடல் புண்ணு ஆறோணும் கண்ணு, வயித்துக்கு வேலை குடுக்காதே" என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். இரண்டு மாதம் வெறும் அரிசிக் கஞ்சித் தண்ணியும் இளநீரும்தான். தாகம் எடுக்க எடுக்கச் சொம்பு சொம்பாகத் தண்ணீர். குடித்த அளவுக்குப் பை நிறைந்தது. கால் இழுத்துப் பிடித்தது, எழுந்தால் தலை சுற்றியது. எடை 34 கிலோவுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் யாரோ ஒருவர் அந்தப் பவுடரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

கடன் கொடுப்பதா, வேண்டாமா? குழு உடனே முடிவு எடுக்கவில்லை. "விவரம் கேட்டுட்டு வந்து பேசலாமுங்க" என்று ஒத்தி வைத்தது. கிராம சுகாதார செவிலியரிடமும், ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இந்தப் பாடம். இது ஒருவருக்கு மட்டும் உரியது அல்ல. குடலிறக்கம் மாட்டிக்கொள்வது, குடல் காசநோய், டைபாய்டில் குடல் ஓட்டையாவது, குடல் முறுக்கு, புற்றுக்கட்டி என்று பல காரணங்களால் நம் வீடுகளிலும் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடக்கலாம்.

1. குடல் என்ன வேலை செய்கிறது?

பெரியவர்களுக்குச் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர், அதாவது 20 அடி நீளம். நாம் சாப்பிட்ட சத்தெல்லாம் ரத்தத்தில் சேருவது இங்கேதான். உள்பக்கம் வழுவழுப்பான குழாய் அல்ல. டர்க்கி டவலைத் தடவிப் பாருங்கள். சின்னச் சின்ன நூல் வளையங்கள் நிற்கும். அதனால்தான் சாதாரணத் துண்டைவிட அது அதிகத் தண்ணீர் இழுக்கிறது. குடலுக்குள்ளும் இதேபோல லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. அவற்றின் மேல்தோல் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒரு முறை புதிதாகிக்கொண்டே இருக்கிறது. உடம்பிலேயே மிக வேகமாக வளரும் இடங்களில் இதுவும் ஒன்று.

எந்தப் பாகம் போனது என்பதைப் பொறுத்துக் கஷ்டம் மாறும்.

• சிறுகுடலின் கடைசிப் பாகம் போனால்: வைட்டமின் பி12 சேராது. பித்த உப்பும் திரும்பாது, அதனால் கொழுப்புச் செரிக்காமல் பேதியாகும்.

• பெருங்குடல் போனாலோ, இணைக்காமல் பை வைத்திருந்தாலோ: தண்ணீரும் உப்பும் நிறைய வெளியேறும்.

• மீதி இருக்கும் சிறுகுடல் 2 மீட்டருக்கும் குறைவு என்றால்: இதைக் 'குறுங்குடல் நிலை' என்பார்கள். தொடர்ந்து மருத்துவக் கண்காணிப்பு வேண்டும்.

ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரிடம் மூன்று கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "எந்தப் பாகத்தை எடுத்தீங்க? எவ்வளவு நீளம் மீதி இருக்குது? பெருங்குடல் இணைஞ்சிருக்குதா?" பதிலைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த மூன்றும்தான் முதலில் தேவைப்படும்.

2. வெட்டிய குடல் மறுபடி வளருமா?

வெட்டிய நீளம் திரும்ப முளைக்காது. ஆனால் மீதி இருக்கும் குடல் கொஞ்சம் அகலமாகும், உறிஞ்சிகள் உயரமாகும், வேலையைக் கூடுதலாக இழுத்துப் போட்டுக்கொள்ளும். பத்துப் பேர் லைனில் நாலு பேர் லீவு போட்டால் மீதி ஆறு பேர் சேர்த்துப் பார்ப்பது போலத்தான். இந்தப் பழக்கம் முதல் சில மாதங்களில் வேகமாகவும், இரண்டு வருஷம் வரை மெதுவாகவும் நடக்கும்.

அதற்குக் கட்டளை கொடுப்பது எது? இதுதான் பாடத்தின் முக்கியமான இடம். குடலே ஹார்மோன் சுரக்கிறது. அதில் ஒன்றின் பெயர் ஜி.எல்.பி.-2. சிறுகுடலின் கடைசிப் பாகத்திலும் பெருங்குடலிலும் உள்ள செல்கள் இதைச் சுரக்கின்றன. "உறிஞ்சிகளே, வளருங்க" என்று சொல்லும் ஹார்மோன் இது. கனடாவின் டொராண்டோ நகரில் டாக்டர் டேனியல் டிரக்கர் குழுவினர் 1996-ல் இதைக் கண்டறிந்தனர்.

இந்த ஹார்மோன் எப்போது சுரக்கும்? உணவு குடலைத் தொடும்போது! சாப்பாடு வரவில்லை என்றால் கட்டளையும் வராது.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டாக்டர் ஸ்டான்லி டட்ரிக் 1960-களில் நாய்க்குட்டிகளுக்கு வாய் வழியாக எதுவும் தராமல் ரத்தக் குழாய் வழியாகவே முழு உணவும் கொடுத்து வளர்த்துக் காட்டினார். குடல் வேலை செய்யாத எத்தனையோ பேரை அந்த முறை இன்று காப்பாற்றுகிறது. ஆனால் பிறகு விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் ஒன்று தெளிவானது: ரத்தக் குழாய் வழியாக மட்டுமே உணவு போனால் உடம்பு வளரும், குடலின் உள்தோல் மெலிந்துவிடும். பயன்படுத்தாத மெஷினில் துரு ஏறுவது மாதிரி.

அதனால் "வயித்துக்கு வேலை குடுக்காதே" என்ற பேச்சு ஆபரேஷன் முடிந்த முதல் சில மணி நேரத்துக்குச் சரியாக இருக்கலாம். மாதக்கணக்கில் சரியே இல்லை. முன்பெல்லாம் வாயு பிரிந்தால்தான் சாப்பாடு என்பார்கள். டென்மார்க் நாட்டு அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் 1990-களில் சீக்கிரம் சாப்பாடு, சீக்கிரம் நடை என்ற முறையைக் கொண்டுவந்தார். இப்போது பல குடல் ஆபரேஷன்களில் ஒரு நாளுக்குள்ளேயே நீராகாரம் தொடங்குகிறார்கள். எப்போது தொடங்குவது என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் "சாப்பிடலாம்" என்று சொன்ன பிறகு நாம் பயந்து நிறுத்தக் கூடாது.

3. ஊசியும் பவுடரும்

"அப்ப அந்த ஹார்மோனையே ஊசியாப் போட்டுக்கலாமே?" என்று ஒரு அக்கா கூட்டத்தில் கேட்டார். நல்ல கேள்வி.

அப்படி ஒரு ஊசி இருக்கிறது. ஜி.எல்.பி.-2 போலவே செய்யப்பட்ட 'டெடுகுளுடைடு' என்ற மருந்து. 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தினமும் தோலுக்கு அடியில் போட வேண்டும். குறுங்குடல் நிலையில், ரத்தக் குழாய் வழி உணவை நம்பியே வாழ்பவர்களுக்கு மட்டும் உரியது. அவர்களில் பலருக்கு ஏற்ற வேண்டிய அளவு குறைகிறது. ஆனால் விலை மிக மிக அதிகம். வளர்ச்சியைத் தூண்டும் மருந்து என்பதால் குடலில் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தர மாட்டார்கள். பெருங்குடலில் சதைக்கட்டி இருக்கிறதா என்று முன்னாலேயே டியூப் விட்டுப் பார்ப்பார்கள். இதற்கு முன் 2003-ல் வளர்ச்சி ஹார்மோன் ஊசிக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. வீக்கம், மூட்டுவலி போன்ற தொந்தரவும், நிறுத்தினால் பலன் நிற்காததும் சேர்ந்து அது பெரிதாகப் பரவவில்லை.

சரி, பவுடர்? நம் உறுப்பினர் வாங்க நினைத்த டப்பாவில் முக்கியமாக இருந்தது குளுட்டமின். இது புரதத்தின் ஒரு சிறு துண்டு. குடல் செல்களுக்கு இது தீனி என்பது உண்மைதான். ஆனால் அதைத் தனியாகப் பொடியாகக் குடித்ததால் குடல் வளர்ந்ததாக ஆய்வுகளில் உறுதியாகவில்லை. முட்டை, தயிர், பருப்பு, மீன், கறி எல்லாவற்றிலும் குளுட்டமின் இருக்கிறது.

குழுவில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்த 15,000 ரூபாயில் ஒரு வருஷம் முழுக்கத் தினமும் இரண்டு முட்டையும், தயிர் தோய்க்க அரை லிட்டர் பாலும் வாங்கலாம்! டாக்டர் எழுதிக் கொடுக்கும் புரத மாவு வேறு விஷயம், அதை வாங்குங்கள். 'குடல் வளரும்' என்று யாரோ விற்கும் டப்பாவுக்குக் கடன் வாங்காதீர்கள்.

4. தண்ணீர் குடித்தால் ஏன் தாகம் அடங்கவில்லை?

வயிற்றில் பை வைத்து, அதிகமாகப் போகிறவர்களுக்கு வெறும் தண்ணீர் தாகத்தைத் தணிக்காது. மீதிக் குடலுக்குள் வெறும் தண்ணீர் போனால், உடம்பில் இருக்கும் உப்பு குடலுக்குள் இழுபட்டு அந்தத் தண்ணீரோடு வெளியே போய்விடுகிறது. குடிக்கக் குடிக்க உப்பு இறங்கும், தாகம் ஏறும். நம் உறுப்பினருக்கு நடந்தது இதுதான்.

மருந்து நமக்குத் தெரிந்ததே: ஓ.ஆர்.எஸ். குடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் சோடியாக வந்தால்தான் அது திறக்கும். இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்ற குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் டிரம்மில் உப்பு–சர்க்கரைக் கரைசலைக் கலக்கி, உறவுக்காரர்கள் கையாலேயே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4-க்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

• பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அதே அளவு கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

• பாக்கெட் இல்லாத நேரத்தில்: 1 லிட்டர் தண்ணீர், தலை தட்டிய டீஸ்பூனால் 6 ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு.

• ஒரே மூச்சில் குடிக்காமல் நாள் முழுக்க மடக்கு மடக்காக.

• கடையில் அட்டை டப்பாவில் விற்கும் இனிப்புப் பானத்தை ஓ.ஆர்.எஸ். என்று நம்ப வேண்டாம். சர்க்கரை அதிகமானால் பேதி கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் அந்தச் சொல் இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள்.

• வெறும் தண்ணீர், டீ, இளநீர், ஜூஸ் ஆகியவை ஒரு நாளைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பும் ஓ.ஆர்.எஸ்-ம் டாக்டர் சொன்னபடி மட்டுமே எடுக்க வேண்டும்.

5. வேலூரில் கண்டது, நம் வீட்டுப் பழைய சோறு

பெருங்குடல் இணைந்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி நம் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகள் 48 பேரிடம் ஓர் ஆய்வு செய்தனர். ஒரு பிரிவினருக்கு ஓ.ஆர்.எஸ்-ஸோடு, சிறுகுடலில் செரிக்காத ஒரு வகை மக்காச்சோள மாவையும் சேர்த்துக் கொடுத்தனர். அவர்களுக்குப் பேதி குறைந்தது, சீக்கிரமும் நின்றது. 2000-ல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

காரணம் என்ன? செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் நல்ல கிருமிகள் அதைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவை பெருங்குடல் செல்களுக்கு உணவாகி, உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுக்க உதவுகின்றன. குறுங்குடல் உள்ளவர்களுக்கு இதனால் கொஞ்சம் சக்தியும் கிடைக்கிறது. பை வைத்தவர்கள் பிறகு குடலை இணைத்தால் தேறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோறு வடித்து ஆறினால் அதிலும் இப்படிச் செரிக்காத மாவு கொஞ்சம் உண்டாகிறது. நம் பழைய சோற்றைச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் குடல் அறுவை சிகிச்சைத் துறையினர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஆபரேஷன் ஆன புதிதில் வேண்டாம். டாக்டர் அனுமதித்த பிறகு, கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, மூடி வைத்த சுத்தமான சோறு, உப்புப் போட்டு, தயிர் கலந்து, சிறிதளவில் தொடங்கலாம்.

6. என்ன சாப்பிடோணும்?

• மூன்று வேளை வேண்டாம், ஆறு வேளை. ஒவ்வொரு வேளையும் கொஞ்சம். நன்றாக மென்று.

• சாப்பாட்டோடு நிறையக் குடிக்காதீர்கள். அரை மணி நேரம் முன்னாலோ பின்னாலோ குடியுங்கள்.

• புரதம் முதலில். 40 கிலோ உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் தேவைப்படலாம். ஒரு முட்டையில் 6 கிராம். அரை லிட்டர் பாலின் தயிரில் 16 கிராம். ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 7 கிராம் அளவில். 100 கிராம் வெந்த கோழிக்கறியிலோ மீனிலோ 20 கிராமுக்கு மேல். பருப்புத் தண்ணியில் அல்ல, பருப்பில்தான் சத்து.

• இட்லி, குழைந்த சோறு, இடியாப்பம், ரவை உப்புமா, தோலில்லாத உருளைக்கிழங்கு, வாழைப்பழம் நல்லவை.

• பை வைத்தவர்கள் முதல் வாரங்களில் முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, தேங்காய்த் துண்டு, காளான், ஆரஞ்சுச் சக்கை, மக்காச்சோளம், முழு நிலக்கடலை தவிர்க்கவும். வாயில் அடைத்துக்கொள்ளும். நம் சேவூர் கடலை ஏலத்துக்குப் பேர் போன ஊர். வீட்டில் மூட்டை இருக்கும், கை தானாகப் போகும்! டாக்டர் அனுமதித்த பிறகு நைசாக அரைத்த சட்னியாகத் தொடங்குங்கள்.

• குறுங்குடலோடு பெருங்குடல் இணைந்திருப்பவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு அதிகம். அவர்கள் பாலக்கீரை, கடலை, கடுந்தேநீர் குறைக்க வேண்டும். தயிர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

• சிறுகுடலின் கடைசிப் பாகம் எடுக்கப்பட்டிருந்தால் பி12 ஊசி தேவையா என்று கேளுங்கள். உடம்பில் சேமிப்பு சில வருஷம் ஓடும். அதனால் குறை மெதுவாகத்தான் தெரியும். கால் மதமதப்பு, நாக்குப் புண், அசதி அதன் அடையாளம்.

7. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளங்கள்

பையில் சேருவதை அளவு போட்ட மக்கில் ஊற்றி நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால், சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளானால், எழுந்தால் மயக்கம் வந்தால், கால் நரம்பு இழுத்தால், காய்ச்சல் அடித்தால், வயிறு வீங்கி வாந்தி எடுத்தால், பையில் ஒன்றுமே வராமல் வலித்தால், வாய் கறுத்தால் காத்திருக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். சந்தேகம் கேட்க 104.

வாரம் ஒரு முறை ஒரே தராசில் எடை பாருங்கள்.

8. குழு என்ன முடிவு செய்தது?

பவுடர் கடன் மறுக்கப்பட்டது. அதற்குப் பதில் முட்டை, பால், பை, பஸ் செலவுக்கு என்று 4,000 ரூபாய் உள்கடனாகத் தீர்மானமானது. இரண்டு பேர் துணைக்குப் போய் மறுபடி டாக்டரிடம் காட்டினார்கள். பேதி குறைய மாத்திரையும் ஓ.ஆர்.எஸ். அளவும் எழுதித் தந்தார்கள். அவர் மாமியார் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "முட்டை குடுத்து ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். உணவு ஆலோசகர் அவரையே கூப்பிட்டுப் பேசிய பிறகு, அவரே வேளைக்கு வேளை ஊட்டினார். ஐந்து மாதத்தில் எடை 41 கிலோ. அதன் பிறகு குடலை இணைத்தார்கள். இப்போது பாதி ஷிப்ட் வேலைக்குப் போகிறார். தவணை பாக்கி இல்லை.

ஒன்றை மறக்காமல் சொல்கிறேன். பை வைத்திருந்த மாதங்களில் அவர் குழுக் கூட்டத்துக்கே வரவில்லை. "வாடை வருமோன்னு கூச்சமா இருந்துச்சுங்க்கா" என்று பிறகுதான் சொன்னார். பவுடரைவிட, சோற்றைவிட, அவருக்கு அப்போது தேவைப்பட்டது பக்கத்தில் வந்து உட்காரும் ஒரு ஆள். அதைச் செய்ய எந்தத் தீர்மானமும் தேவையில்லையே!

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் விவரம் சொல்லுங்கள். உங்களுக்குக் குடலிறக்கக் கட்டி இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். வலி வரும்வரை காத்திருந்ததுதான் இந்தக் கதையின் ஆரம்பம்.

கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில், அக்கம்பக்கத்தில் வயிற்று ஆபரேஷன் ஆனவர்கள் யார்? அவர்கள் இப்போது என்ன சாப்பிடுகிறார்கள்?

2. 'பத்தியம்' என்று நாம் நிறுத்தும் உணவுகளில் டாக்டர் சொன்னது எது, நாமாகச் சேர்த்தது எது?

3. மருத்துவக் கடன் கேட்டு வந்தால், பணம் எதற்குப் போகிறது என்று நம் குழு விசாரிக்கிறதா?

4. நோயால் கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினரைப் பார்க்க யார் போவது?

மனதில் வைக்க: தொட்ட உணவுதான் குடலைத் துளிர்க்க வைக்கும். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த தண்ணீர்தான் உள்ளே நிற்கும். பயத்தால் பட்டினி போடாதே, பேச்சை நம்பிக் கடன்படாதே!